நேர்ந்ததும் கிடைத்ததும்

(மணப்பாறையில் தமிழ், ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கட்டுரை நோட்டிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "விளையாட்டு விழாவில் எங்கள் பள்ளிக்கு முதல் பரிசு நேர்ந்தது" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'நேர்ந்தது' என்பதை அடித்துவிட்டுக் 'கிடைத்தது' என்று மேலே எழுதினேன். அந்தப் பெண் விடவில்லை. "ஐயா, அகராதியில நேர்தல்னா நிகழ்தல்னுதானே போட்டிருக்கு? பரிசு வாங்குனதும் ஒரு நிகழ்ச்சிதானே?" என்று கேட்டாள். "அப்படிச் சொல்ற வழக்கமில்லம்மா, போய் உட்காரு" என்றேன். கையில் காசில்லாத கடன்காரன் நாளைக்கு வா என்று சொல்வானே, அந்த மாதிரிப் பதில். அது பதிலே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் கேள்விக்கு விடை தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. நான் சேர்த்து வைத்திருந்த கதைகள், கட்டுரைகள், செய்திகள் அடங்கிய கோப்புகளை ஒரு நாள் தொடரடைவு மென்பொருளில் ஏற்றி, 'நேர்ந்' என்று தொடங்கும் சொற்களையெல்லாம் காட்டச் சொன்னேன். திரையின் நடுவே அந்தச் சொற்கள் நூல் பிடித்தாற்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இடப்பக்கம் முன்னால் வந்த சொற்கள், வலப்பக்கம் பின்னால் வந்தவை. இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போனேன். விபத்து, அவமானம், இழப்பு, பிழை, விபரீதம், மரணம். கொஞ்சம் தள்ளி, அவளுக்கு நேர்ந்த கதி. அப்புறம், பொய் சொல்ல நேர்ந்தது, கடன் வாங்க நேர்ந்தது. நடுநடுவே 'சந்திக்க நேர்ந்தது' என்பது போன்றவை. இவற்றில் கேடு இல்லை; ஆனால் திட்டமிட்டுப் போய்ச் சந்தித்ததாகவும் இல்லை, தானாக வந்து வாய்த்தது. ஓரிடத்தில் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்றும் வந்து நின்றது. அந்த நேர்தல் வேறு. இருந்தாலும் கிடாவின் பக்கமிருந்து பார்த்தால் அதற்கும் நல்லது நேரவில்லை!

ஆக, நேர்வது நம் கையில் இல்லாதது. பெரும்பாலும் நாம் வேண்டாதது. முதல் பரிசை ஓடி, குதித்து, வியர்வை சிந்தி வாங்குகிறோம். அதனால்தான் அது நேர்வதில்லை. இந்தச் செய்தியை எனக்கு எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. ஆனால் தமிழ் எழுதுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும்; தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் இதே போல ஒன்றைக் கண்டார். 'செட் இன்' என்ற ஆங்கில வினை தொடங்குவதைக் குறிக்கும் என்று அகராதிகள் சொல்லிவந்தன. வரிகளை அடுக்கிப் பார்த்தால் அப்படித் தொடங்குபவை அழுகல், சோர்வு, நோய் என்று வேண்டாத சங்கதிகளாகவே இருந்தன. அவர் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி, ஆசிரியர் கற்பனையில் தோன்றிய எடுத்துக்காட்டுகளைத் தள்ளிவிட்டு, கணினியில் திரட்டிய உண்மையான எழுத்திலிருந்து எடுத்துக்காட்டு தந்தது. தமிழில் அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1992இல், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வந்தது. அதைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பொருளுக்கு நிகராக அதில் வாக்கியங்களுக்கு இடம் உண்டு.

மணப்பாறைக்காரர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டியதில்லை. சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், வயது தெரிந்துவிடும். சுழி பார்க்கிறார். அதோடு துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிவிடுகிறாரா? இல்லை. நடக்கவிட்டுப் பார்க்கிறார். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாட்டோடு இது ஜோடி சேருமா, உயரம் ஒக்குமா, நடை ஒக்குமா என்று யோசிக்கிறார். நுகத்தடியில் தனி மாட்டைப் பூட்ட முடியாது. அகராதி பார்ப்பது பல்லைப் பிடித்துப் பார்ப்பது. தொடரடைவு பார்ப்பது, சொல்லை நடக்கவிட்டு அதன் ஜோடியோடு நிறுத்திப் பார்ப்பது.

இது கணினி வந்த பிறகு பிறந்த புத்தி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருவரங்கத்தில், 13ஆம் நூற்றாண்டில், நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். பகலில் கேட்டதை இரவில் எழுதி வைத்தார் அவருடைய மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது 32 எழுத்து கொண்ட ஓர் அளவு; சொற்பொழிவை எழுத்தாக்கியதோடு நிற்காமல் அதற்கு எழுத்துக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த உரைகளைப் படித்தால், ஒரு சொல் வந்ததும் அதே சொல் வேறு பாசுரத்தில் எப்படி வந்தது, வேறு ஆழ்வார் எப்படிச் சொன்னார், வடமொழி நூலில் எங்கே இருக்கிறது என்று வரிசையாக வந்து விழும். தேடுபொறி அவர்கள் தலைக்குள் இருந்தது. பின்னால் மணவாள மாமுனிகள், ஈட்டில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித் திரட்டி வைத்தார்.

ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தார். அதன் நான்கு பகுதிகளில் கடைசி, தொடை. எதுகைக்கு ஏற்ற சொற்களை அங்கே அடுக்கியிருக்கிறார். வரிகளை எந்த இடத்துச் சொல்லை வைத்து வரிசைப்படுத்துவது என்று மென்பொருள் இன்று நம்மைக் கேட்கிறதே, அந்தக் கேள்வியை அவர் பாட்டுக் கட்டுகிறவனுக்காக யோசித்திருக்கிறார். உ.வே.சா. பதிப்புகளின் இறுதியில் வரும் அரும்பத அகராதியும் பாட்டு முதற்குறிப்பும் இந்தக் குடும்பம்தான். 1962இல் வ.அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியம் முழுவதற்குமான சொல்லடைவை 1967இலிருந்து 1970க்குள் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு, அதைப் பெட்டியில் அகர வரிசையில் செருகுவது என்று வளர்ந்த கலை இது. அந்தச் சீட்டு எழுதியவர்களின் கண்பார்வையை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மேற்கிலும் கதை இதுதான். 1949இல் இத்தாலிய ஏசு சபைப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா, தாமஸ் அக்குவினாஸ் எழுதியவற்றுக்குச் சொல்லடைவு செய்ய உதவி கேட்டு ஐபிஎம் தலைவரிடம் போனார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய வேலை முடிய முப்பது வருடம் பிடித்தது. நூல் ஐம்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள். தேடிய சொல்லை நடுவில் நிறுத்தி இருபுறமும் சூழலைக் காட்டும் அமைப்பை, 1950களின் இறுதியில், அதே நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் பரப்பினார். பூசாவுக்கு முப்பது வருடம் ஆன வேலையை இன்று ஒரு சாதாரண மடிக்கணினி நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும்.

சரி, கற்றுக்கொள்வது எப்படி என்பதற்கு வருகிறேன். நான் பழகியது ஆன்ட்காங்க். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் இருக்கும் லாரன்ஸ் அந்தோணி எழுதியது. முதலில் 2002இல் வந்தது. இலவசம். அதற்கு வேண்டியதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு, யூனிகோடில்.

முதல் நாள் நான் அடைந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே 'நேர்ந்த' அவமானம் என்றும் சொல்லலாம். கோப்புகளை ஏற்றி, எந்தச் சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். முதலிடத்தில் 'க', அப்புறம் 'த', அப்புறம் 'ப'. ஒரு முழுச் சொல் கூட இல்லை. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் கழன்று விழுந்து, மெலிந்த எழுத்துகள் மட்டும் மிச்சம். மணப்பாறையில் போய்க் கொம்பில்லாத மாட்டை யார் வாங்குவார்கள்? தமிழுக்கு இந்த மென்பொருள் ஆகாது என்று மூடி வைத்துவிட்டேன். தவறு என்னுடையது. கணினிக் கணக்கில் 'கொ' என்பது ஒரே எழுத்தல்ல. ககரம் ஒன்று, அதன்மேல் ஒட்டும் குறி ஒன்று. எது சொல்லின் பகுதி என்று வரையறுக்கும் அமைப்பில், எழுத்துகளோடு 'மார்க்' எனப்படும் குறிகளையும் சேர்த்துத் தேர்வு செய்ய வேண்டும். ஆங்கிலத்துக்கு அது தேவைப்படாது. நமக்கு அதுதான் முதல் படி. உங்கள் பட்டியலில் ஒற்றை எழுத்துகள் வந்தால் பயப்படாமல் அங்கே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது வம்பு பழைய எழுத்துருக்கள். பாமினியில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது கன்னாபின்னா ஆங்கிலம். மாற்றிக்கொள்ளாமல் ஏற்றாதீர்கள். யூனிகோடிலேயே கூட 'கொ'வை இரண்டு விதமாக அடிக்க முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று. திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் பாதி வரிகள் வராது. படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கருவியில் ஓட்டிய புத்தகம் என்றால் துணைக்காலும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கும். ஒரு மணி நேரம் தேடுவதற்கு நாலு மணி நேரம் கோப்பைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வேலை, வேறு வழியில்லை.

மூன்றாவது, நம் மொழியின் சுபாவம். 'மரம்' என்று தேடினால் மரம் மட்டும் வரும். மரத்தை, மரத்தில், மரங்கள் வரமாட்டா. அப்படியானால் 'மர' என்று அடித்துப் பின்னால் நட்சத்திரக் குறி போடலாமே என்று நினைப்பீர்கள். போட்டுப் பாருங்கள். மரபு வரும், மரணம் வரும். மருந்து, மருமகள், மரியாதை எல்லாம் சேர்ந்து வரும். உகரக் குறியும் இகரக் குறியும் கணினிக்கு ரகரத்துக்குப் பின்னால் வரும் தனி உருப்படிகள்தானே. ஆகவே மரம், மரங்*, மரத்* என்று மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதில் 'மரத்துப்போன கால்' வந்தால் சிரித்துவிட்டுத் தள்ளுங்கள். வீடு, வீட்*, ஆறு, ஆற்*. சொல் வேற்றுமை ஏற்கும்போது எப்படி உருமாறும் என்று தெரிந்தவருக்குத்தான் தேடத் தெரியும். கணினி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழுக்குத் தொடரடைவு பழக்க ஏற்றவர் நன்னூல் படித்த தமிழாசிரியர்தான். அவருக்குத் தெரியாதது நாலு பொத்தான், அவ்வளவே.

வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது? தமிழாசிரியர் யாரைக் கேட்டாலும் முதல் புகார் ஒற்றுப் பிழை. வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று பட்டியல் கொடுக்கிறோம். பையன் ஒப்பிக்கிறான், பத்து மார்க் வாங்குகிறான், அடுத்த பக்கத்தில் 'வந்தப் பையன்' என்று எழுதுகிறான். நான் செய்து பார்த்தது இது. நல்ல பதிப்பாக வந்த உரைநடையிலிருந்து 'அந்த*' என்று தேடி, பின்னால் க, ச, த, ப வருகிற வரிகளில் ஒரு நாற்பதை அச்சடித்தேன். அதே போல 'வந்த' என்பதற்கும் நாற்பது. விதி எதையும் சொல்லவில்லை. "இரண்டு தாளையும் பாருங்க, என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பையன், அந்தக் கடை, அந்தத் தெரு. வந்த பையன், வந்த கடிதம், வந்த தொல்லை. இரண்டும் ஒரே எழுத்தில் முடிகின்றன, ஒன்றில் ஒற்று வருகிறது, மற்றதில் வரவில்லை. பிள்ளைகள் முதலில் எழுத்தை வைத்தே காரணம் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "ஐயா, இது சுட்டிக் காட்டுது. அது வேலை செய்யுது" என்றான். சுட்டு, பெயரெச்சம் என்ற பெயர்களை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

அடுத்த வாரம் 'எடுத்துக் கொடுத்தான்', 'வாங்கிக் கொடுத்தான்', 'செய்து கொடுத்தான்' வரிகளை வைத்தேன். எடுத்து, செய்து இரண்டும் 'து' என்றுதான் முடிகின்றன. ஒன்றில் ஒற்று, மற்றதில் இல்லை. வன்தொடர்க் குற்றியலுகரம் என்றால் என்ன என்று அன்றைக்கு அவர்களாகவே கேட்டார்கள். முப்பது வருடத்தில் குற்றியலுகரத்தை என்னிடம் கேட்டு வாங்கிய வகுப்பு அது ஒன்றுதான். 'ஆகிய'வும் 'முதலிய'வும் இப்படியே. கபிலர், பரணர் ஆகியோர் என்றால் பட்டியல் அதோடு முடிந்தது. முதலியோர் என்றால் இன்னும் ஆள் இருக்கிறார்கள். இருபது வரி போதும்.

இம்முறைக்கு ஆங்கிலம் கற்பிப்போரிடையே வித்திட்டவர் டிம் ஜான்ஸ்; அவரும் பர்மிங்ஹாம்காரர். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு யோசனை: நம் பிள்ளைகள் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவதைத் திருத்தித் திருத்திச் சலித்திருப்பீர்கள். 'டிஸ்கஸ்' வரிகளையும் 'டிஸ்கஷன்' வரிகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் கொடுங்கள். 'அபவுட்' எங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. தொடரடைவு தீர்ப்பு சொல்லாது, சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றும். செய்தித்தாள் வரிகளை வைத்தால் ஒற்றுப் பிழையும் சேர்ந்தே வரும். ஒரு வரியும் வரவில்லை என்பதால் அப்படி ஒரு வழக்கே இல்லை என்று ஆகாது. நம் கோப்பில் இல்லை, அவ்வளவுதான். அதிகம் வருவதுதான் சரி என்று ஒரு மாணவர் வாதாடினால், என்னிடம் உடனடி விடை கிடையாது. அந்த வாதம் நடக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். விதியை நான் மட்டும் கையில் வைத்திருந்த காலத்தில் அப்படி ஒரு வாதமே நடந்ததில்லை.

எழுத்துக் கோப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் கிடக்கின்றன. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990களில் சுமார் 30 லட்சம் சொற்கள் கொண்ட தமிழ்த் தரவகம் ஒன்றைத் தொகுத்தது. சங்க இலக்கியம் என்றால் நீங்கள் மென்பொருளைத் தொடவே வேண்டாம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ப. பாண்டியராஜா, சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களுக்குத் தொடரடைவு செய்து எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார். தனி மனிதர் ஓய்வுக்காலத்தில் செய்த வேலை. பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இவை எல்லாவற்றிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. முறுக்கு அச்சு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது; மணப்பாறை முறுக்கின் ருசிக்கு இந்த ஊர்த் தண்ணீரைத்தான் காரணம் சொல்கிறார்கள். மென்பொருள் அச்சு. நமக்குக் கிடைக்கும் கோப்புகளோ பெரும்பாலும் சென்னையில் அச்சான எழுத்துத் தமிழ். சந்தையில் மாட்டுத் தரகர் பேசுகிற தமிழ் அதில் கிடையாது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்லும் தொகைகளுக்கு அவர்களிடம் தனிப் பெயர்கள் உண்டு. மாட்டின் நிறத்துக்கு, கொம்பின் வளைவுக்கு, சுழிக்கு, நடைக்கு எத்தனை சொற்கள்! மாவு பிசைகிறவர்களுக்கும், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவர்களுக்கும் அவரவர் சொற்கள் உண்டு. டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டுச் சொற்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று உங்கள் தாத்தாவைக் கேட்டால் தெரியும்.

பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அடுத்த சந்தைக்குப் போங்கள். அனுமதி கேட்டு, ஒரு தரகரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். அவர் பெயரை எழுத வேண்டாம். அவர் சொன்னதைச் சொன்னபடி, திருத்தாமல், தட்டச்சு செய்யுங்கள். யூனிகோடில், சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் ஊரும் தேதியும் இருக்கட்டும். பத்துப் பேர் பத்துக் கோப்பு கொண்டுவந்தால், தேடுவதற்கு நான் மறுபடி மணப்பாறைக்கு வருகிறேன்.